அப்பாவைக் கூட்டிவரச் சொன்ன பெட்டி

கொன்றைப்பேரி மேல்நிலைப்பள்ளியின் இரும்புப் பெட்டி செல்போன்களைத் திருப்பித் தர மறுத்த வருஷம் எலுமிச்சை நன்றாகக் காய்த்திருந்தது, மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து மண்டியில் இறங்கியது, குளமும் நிறைந்து கிடந்தது, ஊருக்குப் பெரிய குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, பெட்டி இப்படிச் செய்தபோது அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மழை தப்பிய வருஷமாக இருந்திருந்தால் கோயிலில் குறி கேட்டிருப்பார்கள்.

அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாதவன் ஒருவன்தான், அவனும் ஊரில் இல்லை. வேல்மயில் அப்போது மஸ்கட்டில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசைகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மனைவி மஞ்சள்காமாலையில் போனபிறகு, ஒன்றாம் வகுப்பு முடிக்காத மகள் கனிஷ்காவைத் தன் அக்கா முப்புடாதியிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறியவன் அவன். நடுவில் இரண்டு மூன்று தடவை வந்தான், கண்மூடித் திறப்பதற்குள் லீவு முடிந்து திரும்பிப் போனான், கடைசியாக வந்தபோது பிள்ளை ஆறாம் வகுப்பு. இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு, அவனுக்கு அவள் ஒரு குரல்.

அந்தக் குரல் அன்றாடம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வரும். இங்கே நாலேகால் என்றால் அங்கே மூன்றுக்குக் கால்மணி இருக்கும், மதியச் சுற்று ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கிக் கொஞ்சம் மூச்சுவிடும் நேரம். அவன் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வான். பள்ளிக்கூட வாசலில் போனைக் காதில் வைக்கிறவள், "அப்பா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்து, அத்தை வீட்டு நடைக்கு வந்து "வீடு வந்தாச்சுப்பா, வச்சுரவா" என்று முடிக்கும்வரை பேச்சை நிறுத்தமாட்டாள். வேல்மயில் பதிலுக்கு "ம்" என்பான், அதற்குமேல் அவனுக்குப் பேசவும் வராது. மண்டியில் ஏலம் போடுகிற சத்தம், மாவு மில்லின் இரைச்சல், பள்ளிவாசல் பாங்கு, குளத்துக் கரையில் காற்று போனுக்குள் புகுந்து ஊதுகிற ஊதல், இவ்வளவையும் தாண்டி அவள் நடந்து வருவதை அவன் அங்கிருந்தே அடி அடியாகக் கேட்டு வருவான். ஊரை அவன் காதில்தான் வைத்திருந்தான்.

இதற்குத்தான் தலைமை ஆசிரியை ஹெலன் டீச்சர் உலை வைத்தார். வகுப்பறைக்குள் செல்போன் கூடாது, காலையில் ஆபீஸ் ரூமில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார். கூட்டம் ரெண்டுபட்டது. எலுமிச்சைக் கமிஷன் கடை சங்கரலிங்கம், இதைப் பத்து வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்றார், பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் மணி அடித்து, எடுத்து விலை சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் பேசினார். தையல் கடை மைதீன் பாத்திமா எழுந்து நின்றார்.

"வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்ல அனுப்புததும் நீங்கதான், போனை வாங்கி வைக்கதும் நீங்கதானா டீச்சர்? எம்மவன் பஸ்ஸை விட்டுட்டான்னா எனக்கு யாரு சொல்லுவா?"

"சாயங்காலம் கைக்கு வந்துரும்லாம்மா. நடுவுல கொஞ்ச நேரம் அது அதுபாட்டுக்குப் பெட்டியில கெடக்கட்டும்" என்றார் ஹெலன் டீச்சர்.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவர் செய்த தப்பு, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து எடுத்துப்போட்டது. அது காலஞ்சென்ற கணக்கு வாத்தியார் தேவசகாயத்தின் பெட்டி. அவர் காலத்தில் வகுப்பில் எவனாவது கோலிக்குண்டை உருட்டினாலோ, எவளாவது கண்ணாடி பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாலோ, அந்தச் சாமான் பெட்டிக்குப் போகும். "அப்பாவக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்பார். எவன் கூட்டிவருவான். வாத்தியாரிடம் வாங்கிய அடியை வீட்டில் சொன்னால் அங்கே இன்னொரு அடி விழும், ஆகவே பம்பரம் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். அப்படியே வருஷக்கணக்காக ஊரின் பிள்ளைகள் அந்தப் பெட்டிக்குள் எதையாவது விட்டுவிட்டுத்தான் பெரியவர்களானார்கள். டீச்சர் துடைத்தபோது பெட்டி காலியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே ஒரு வேலைக்குப் பழகின பெட்டி வேறு வேலை செய்யாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் நாள் சாயங்காலம் மூடியைத் திறந்தபோது உள்ளே போன் ஒன்றுகூட இல்லை. பம்பரங்கள் இருந்தன, சாட்டையோடு. கோலிகள், ரிப்பன் சுருள், சினிமாக்காரர் படம் ஒட்டிய கைக்கண்ணாடி, கவண், புளியங்கொட்டை நிறைத்த சுருக்குப்பை, இலந்தைவடைப் பொட்டலம் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் வரிசையாக வந்து கையை விட்டார்கள், ஒவ்வொரு கைக்கும் ஒன்று அகப்பட்டது, அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, ஹெலன் டீச்சர் என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சங்கரலிங்கத்தின் மகன் ஏலத்துக்கு நடுவில் வந்து அப்பா கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தான். அவர் திறந்து பார்த்தார், உள்ளே ஒரு பொன்வண்டு, கழுத்துப் பச்சை கொஞ்சமும் மங்காமல், ஒரு வாகை இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் தன் கையிலிருந்து பிடுங்கப்பட்ட வண்டு. ஏலம் கேட்க வந்த கேரளத்து வியாபாரிகள் காத்துக்கொண்டு நிற்க, அவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இது எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. "வேற இலை பறிச்சுட்டு வாலே, இது வாடிருச்சு" என்றுதான் மகனிடம் சொன்னார். மைதீன் பாத்திமாவுக்கு உப்பும் மிளகாயும் தடவிய மாங்காய் வந்தது, பாதி கடித்தது, கடித்த இடம் ஈரமாக இருந்தது. மீதியையும் தின்று முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் போன் எங்கே என்று மகனைக் கேட்டார்.

மறுநாள் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் படையெடுத்தார்கள். சண்டை போடத்தான் வந்தார்கள். ஆனால் சங்கரலிங்கம் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "இப்பக் கைய விடு பாப்போம்" என்று அதட்டியபோது அந்தப் பையனின் கையில் அவன் போனே வந்து உட்கார்ந்தது. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. பெற்றவர் பக்கத்தில் நின்றால் போன் வரும், நிற்காவிட்டால் பெற்றவரின் பழைய சாமான்தான் வரும், அதுவும் தீர்ந்துபோனால் வெறுங்கை. பெட்டியின் சட்டம் ஒரே சாயங்காலத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த பழைய சட்டம்தான். போனைப் பெட்டியில் போடாமல் டீக்கடையில் கொடுத்து வைத்த கெட்டிக்காரர்களும் இருந்தார்கள், அவர்கள் போனும் சாயங்காலம் பெட்டிக்குள்ளேதான் கிடந்தது. பெற்றவர் இல்லாத பிள்ளைகளுக்கு வளர்த்தவர் வந்து நின்றால் போதும் என்று விட்டுக்கொடுக்கிற அளவுக்குப் பெட்டிக்கு விவரமும் இருந்தது.

ஊர் ஒரு வாரத்தில் இதற்குப் பழகிக்கொண்டது. எலுமிச்சை ஏலத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து சுற்றினார்கள். டவுன்பஸ் டிரைவருக்கும் அங்கே ஒரு மகள் படித்ததால் பஸ் வாசலில் நின்று, பயணிகளையும் சேர்த்துக் காக்க வைத்தது. பஜ்ஜிக்கடை ஒன்று முளைத்தது. மகன் எந்த வகுப்பு என்று கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்க்கிற தகப்பன்மார் இப்போது அவன் எந்த பெஞ்ச் என்பதுவரை சொன்னார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் பம்பரம் விட்டார்கள், தொப்பையும் நரையுமாக ஒருவர் பம்பரத்தை இன்னொருவர் ஆக்கர் குத்திப் பிளந்தார், பிளந்ததற்காகச் சண்டை வந்தது, சண்டையைப் பிள்ளைகள் விலக்கி வைத்தார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், அவர்கள் தொலைத்ததெல்லாம் வேறு பள்ளிக்கூடங்களில் கிடந்தன. இரண்டு பேர் பிறந்த ஊருக்கே போய் விசாரித்துவிட்டு, அங்கே பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம் என்று முகம் தொங்கித் திரும்பினார்கள்.

இந்தக் கதையெல்லாம் அக்காவின் போன் வழியாகத்தான் வேல்மயிலுக்கு வந்தது.

"ஏலே வேலு, ஒம் மகளுக்கு ஒரு வாட்ச்லா வந்துருக்கு" என்றாள் முப்புடாதி. "கருப்பு வார், ஓடுது வேற. ஏதுலே அது?"

அவனுக்கு உடனே தெரிந்தது. பம்பாயில் சலவைக்கடையில் இருந்த அவன் அப்பா, ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்ட வாட்ச். கணக்கு வகுப்பில் அதையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று தேவசகாயம் சார் கழற்றி வாங்கினார். அப்பாவைக் கூட்டிவா என்றபோது மற்றப் பிள்ளைகளைப்போல் அவன் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டான். அப்பா வருவார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போகலாம், எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்தான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அப்பா வந்தது கோடை லீவில், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. அப்பா பம்பாயை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தபோது அவன் படிப்பையே முடித்திருந்தான். வாட்ச் போனதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை, அப்பா ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கலாம் என்ற ஏக்கம்தான் இந்த வயசிலும் நெஞ்சில் கிடந்தது.

"நீ போய் நின்னியாக்கா?"

"நிக்காம? நாலு நாளு நின்னுட்டேன். புள்ள கைய விடுதா, வெறுங்கையா வருது. வளத்தவ நாந்தான்னு அந்தப் பெட்டிகிட்டயே சொன்னேன், ஊரே சிரிச்சுது. அப்பன்காரன் உசுரோட இருக்கையில அது எனக்கு எப்படிலே குடுக்கும்?"

வேறு போன் வாங்கப் பணம் அனுப்பினான். அதுவும் ஒரே நாளில் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அக்காவின் போனில் மகளைக் கூப்பிட்டால் கூடத்தில் அத்தை இருப்பாள், டிவி ஓடும், பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்திருப்பாள். "சாப்பிட்டியாம்மா?" "ம்." "படிச்சியா?" "ம்." "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" "ம்ஹும்." எட்டு வருஷமாகத் தான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை இவ்வளவு சின்னது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற அந்த நடையில்தான் அவள் பேசுவாள், வேறெங்கும் பேசத் தெரியாது. நடை போனால் மகளும் போனாள். மதியச் சுற்று முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவன் பெட்டிக்குள் கிடக்கிற போனுக்கே அன்றாடம் அடித்தான், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் ஹெலன் டீச்சரையே கூப்பிட்டான்.

"கிளாசுக்குள்ள போன் கூடாதுன்னு சொல்லுதீங்க, சரி, நான் வேண்டாங்கல டீச்சர். எம்புள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பொறவுதான் அது வேணும். அவளுக்கு மட்டும் ஒரு விலக்கு குடுங்களேன்."

"குடுத்துப் பாத்துட்டேன் வேல்மயில். பெட்டியில போடாத, பையிலயே வச்சுக்கோன்னு சொன்னேன். சாயங்காலம் பாத்தா பை காலி." பிறகு அவரே தொடர்ந்தார். "நான் எதுக்கு இந்தத் தடையைக் கொண்டு வந்தேன்னா, நாப்பது புள்ளைங்க இருக்க கிளாசுல எனக்கு நாப்பது உச்சிதான் தெரிஞ்சுது. மூஞ்சியப் பாத்துப் பாடம் நடத்தணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான். இப்பப் பாக்கேன், எல்லாப் புள்ளையும் நிமிந்து உக்காந்திருக்கு. உங்க மக மூஞ்சி மட்டும் ஜன்னல் பக்கமாவே இருக்கு."

அன்றைக்கே வேல்மயில் சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டான். கொல்லத்துக்காரர், வாசுதேவன் என்று பெயர், கடுமையான மனுஷர். என்ன காரணம் என்றார். "ஸ்கூல்ல அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ போகாதிரிக்கான் பற்றில்லல்லோ" என்று, போகாமல் இருக்க முடியாதே என்பதைத் தன் மலையாளத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இப்போது எடுத்தால் அடுத்த லீவுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடத்தில் தன்னிடமிருந்தும் ஒரு புல்லாங்குழலைப் பிடுங்கினார்கள் என்றார். அறையில் கூடத் தங்கிப் பெட்டிக் கதையைக் கேட்டிருந்தவர்கள், ஆந்திராக்காரரும் நேபாளத்துக்காரரும் உட்பட, ஆளுக்கொரு சாமானைச் சொல்லி, கண்ணில் பட்டால் எடுத்து வா என்று சொல்லி வழியனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் கனிஷ்கா நின்றாள், அவன் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள். அவன் அப்பாவின் வாட்ச் அவள் கையில் கொஞ்சம் தொளதொளவென்று கிடந்தது. "வாங்கப்பா" என்றாள். உள்ளே போய்விட்டாள். அவன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பிரித்துச் சாக்லேட்டையும் சென்ட் பாட்டிலையும் கடை பரப்பிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"அத்தை, அப்பாவுக்குக் காபியா டீயான்னு கேளுங்க."

"ஏட்டி, இந்தா இருக்கான், நீயே கேளேன்" என்றாள் முப்புடாதி.

அவள் கேட்கவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பாதி தெரிந்தபடி நின்று சிரித்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அவன் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். மாவு மில் சண்டையையும், பூகோள டீச்சரின் புதுச் செருப்பையும், கூடப் படிக்கிற கூட்டுக்காரி அழுததையும் இவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னவள் இந்தப் பிள்ளைதானா என்று இருந்தது. அவன் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மைதானத்தில் பம்பரத்தைச் சாட்டையில் சுற்றிக்கொண்டிருந்த சங்கரலிங்கம், "ஏலே, நீயும் வந்துட்டியா" என்று பத்தாம் வகுப்பில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டார். ஆபீஸ் ரூமில் அதே மஞ்சள் சுவர், அதே சாக்பீஸ் வாடை. வரிசை நகர்ந்தது. ஹெலன் டீச்சர் அவனைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்தார். மகள் பெட்டிக்குள் கையை விட்டாள், அவன் பக்கத்தில் நின்றான், எல்லாரும் பார்த்தார்கள். போன் வந்தது.

அதை அவள் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தவறிய அழைப்புகளைச் சொல்கிற செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன, எல்லாம் ஒரே நம்பர், எல்லாம் மதியச் சுற்று முடிகிற நேரம். அவள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள், ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

வழி முழுக்க அவன் பேச்சுக்கு வழி தேடினான். "மண்டி இன்னும் பெருசாயிட்டு போல." "ஆமாப்பா." "பள்ளிக்கூடம்லாம் எப்படிம்மா இருக்கு?" "நல்லாருக்கு." மாவு மில் வந்தது, போனது. அவள் வேகமாக முன்னால் போய்விட்டாள், நாலெட்டு இடைவெளி விழுந்தது. அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், அவள்தான்.

"அப்பா?"

"சொல்லும்மா."

"எங்க இருக்கீங்க?"

"பின்னாலதாம்மா வாரேன்."

"ம்." முன்னால் போகிற முதுகு திரும்பவில்லை. "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தாள். இத்தனை நாள் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது, யார் அழுதது, யார் யாரோடு பேசுவதில்லை, அத்தை தன் முழங்கால் வலியை இவனிடம் மறைப்பது, அம்மா முகம் இப்போது போட்டோவில் இருக்கிற மாதிரி மட்டும்தான் ஞாபகம் வருகிறது என்பது. அவன் நாலெட்டுப் பின்னால் "ம்", "ம்" என்று நடந்தான். அத்தை வீட்டு நடையில் நின்று, "வீடு வந்தாச்சுப்பா, வச்சுரவா" என்று கேட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் பின்னாலேயே போய்ச் செருப்பைக் கழற்றினான்.

அந்த லீவு முழுக்க அப்படியே நடந்தார்கள். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. "வேலு, டவர் நல்லாக் கெடைக்கா?" என்று டீக்கடையில் கேட்பார்கள், அவன் தலையை ஆட்டிவிட்டுக் கடந்துபோவான், போனில் பேசுகிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். முப்புடாதி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். நாலெட்டு மூன்றானது, இரண்டானது. ஒரு சாயங்காலம் குளத்துக் கரையில் காற்று பலமாக அடித்தது, அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் பக்கத்தில் வந்துவிட்டான், அதற்குப் பிறகு அவள் முன்னால் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே, போனைக் காதில் வைத்தபடியே நடந்தார்கள். அவள் குரல் அவனுக்குக் காற்றில் ஒரு தடவையும் போனில் ஒரு தடவையும் கேட்டது. போனில் வந்தது சற்றுப் பிந்தி வந்தது. இத்தனை வருஷமாகத் தான் கேட்டதெல்லாம் பிந்தி வந்த குரல்தான் என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

லீவு முடிகிற வாரத்தில் ஹெலன் டீச்சர் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினார். வேல்மயில் போன பிறகு அந்தப் பிள்ளையின் போனை எடுத்துத் தர ஆள் இருக்காது, ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒன்பதாம் வகுப்பை முடிக்க வேண்டாம், தடையை எடுத்துவிடலாம், பெட்டியை மூடிவிடலாம் என்றார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது, நாற்பது முகத்தை விட்டுக்கொடுக்கிறார் அல்லவா. தடை வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் இப்போது ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள், இனி எந்தச் சாக்கில் ஏலத்தை விட்டுவிட்டு வந்து பிள்ளையைக் கூட்டிப்போவது என்று எல்லாருக்கும் இருந்தது.

"அந்தப் புள்ளைக்காவ எடுத்துருங்க டீச்சர்" என்றார் மைதீன் பாத்திமா. சங்கரலிங்கம் பம்பரத்தை மடியில் முடிந்துகொண்டார். முடிவாயிற்று.

கடைசி நாள் சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தங்கள் போனை எடுத்தார்கள். கனிஷ்காவின் முறை வந்தது. வேல்மயில் பக்கத்தில் நின்றான். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், கையை விடவில்லை.

"எடும்மா" என்றான்.

"இருக்கட்டும்ப்பா. டீச்சர், பெட்டிய மூடிருங்க."

ஹெலன் டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு மூடியை மெதுவாகச் சாத்தினார். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள், அவன் பின்னால் ஓடிவந்தான்.

"என்னம்மா இது, உனக்காவத்தான இவ்வளவும் செஞ்சாவ. நாளைக்கு நான் போயிருவேன். எதுல பேசுவ?"

"பேச முடியாதுதான்."

"அத்தை போன்லயாவது பேசுவியா?"

"அதுல 'ம்'னுதான் வரும், உங்களுக்கே தெரியும்." அவள் கையில் போன் இல்லை, காதோரம் கையும் போகவில்லை, அவன் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டு நடந்தாள், தானே அதைக் கவனிக்காத மாதிரி. "நான் நல்லா யோசிச்சுட்டேன்ப்பா. இந்தப் போனோ வேற புதுப் போனோ, கையில இருந்தா நீங்க அதுலயே வந்துட்டுப் போயிருவீங்க. பெட்டியில கெடந்தா நேர்ல வந்துதான எடுக்கணும்."

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்மா."

"ஆகட்டும்."

வேல்மயில் மண்டி வாசலில் நின்றுவிட்டான். எலுமிச்சை மூட்டை இறக்குகிறவர்கள், ஏலத்துக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள், அவன் யாரையும் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கத் தோன்றவில்லை, சின்னப் பையன் மாதிரி நின்று அழுதான். மூட்டைக்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கனிஷ்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.